உள்ளே ஏற்றிய விளக்குக்கு யார் பொறுப்பு?



வைகாசி மாதம் வந்துவிட்டால் வன்னியில் எச்சமயத்தவரும் வற்றாப்பளையை மறப்பதில்லை. நந்திக்கடல் ஓரத்திலே அமைந்த கண்ணகி அம்மன் கோவிலின் பொங்கலை முன்னிட்டுக் கடலில் நீர் எடுத்து வந்து, அந்த உப்பு நீரிலே விளக்கெரிக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக நடைபெற்று வருகின்றது. நமது கத்தோலிக்கக் குடும்பங்களும் அயலவரின் அவ்விழாவை மரியாதையோடு நோக்கியே வாழ்ந்து வந்துள்ளன. அந்த விளக்கைப் பற்றி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் அதிலுள்ள ஓர் ஒழுங்கை மட்டும் கவனியுங்கள். நீர் எடுப்பது எங்கே, விளக்கேற்றுவது யார், அது எரியும் நாட்கள் எத்தனை என்பதெல்லாம் ஏற்றுமுன்னரே முடிவாகியிருக்கும். விளக்கை ஏற்றிவிட்டு அதை அநாதையாக விட்டுச் செல்லும் வழக்கம் எந்த ஆலயத்திலும் இல்லை. நமது நற்கருணைப் பேழை முன் எரியும் விளக்குக்கும் இதே முறைதான்.

இன்று மருத்துவ விஞ்ஞானம் மனித உடலின் உள்ளேயே விளக்கேற்றக் கற்று வருகின்றது. கண்ணுக்குத் தெரியாத ஒளிரும் துகள்களை ஊசி மூலம் இரத்தத்தில் செலுத்தி, நோய் எங்கே ஒளிந்திருக்கிறதோ அங்கே அவற்றை ஒளிரச் செய்து, சத்திரசிகிச்சை நிபுணருக்கு வழி காட்டுவதே அம்முயற்சி. இது நமது ஊர் வைத்தியசாலைகளில் இன்னும் வழக்கத்துக்கு வராதது. உலகின் பெரிய நிலையங்களிலும் பெரும்பாலும் பரிசோதனைக் கட்டத்திலேயே இருப்பது. அப்படியானால் வற்றாப்பளையிலும் முள்ளியவளையிலும் இருப்போர் இதைப் பற்றி ஏன் சிந்திக்க வேண்டும்? ஒரு மருந்து வாசலுக்கு வந்த பின்னர் கேட்கும் கேள்விக்கு விடை கிடைப்பது அரிது. வருமுன் கேட்பதே விவேகம்.

இது என்ன விளக்கு?

வன்னி மக்களுக்கு இந்த ஒளியின் வரலாறு முற்றிலும் அந்நியமானதன்று. மலேரியாக் காய்ச்சல் நம் காட்டோரக் கிராமங்களை வாட்டிய நாட்களில் கசப்பான குயினைன் மருந்தை விழுங்காத குடும்பம் இருந்திருக்குமா? அந்தக் குயினைன் கலந்த நீரைச் சூரிய ஒளியிலே வைத்துப் பார்த்தால் அதன் மேற்பரப்பில் ஒரு மெல்லிய நீல ஒளி தோன்றும். அயர்லாந்தில் பிறந்த விஞ்ஞானியான ஜோர்ஜ் ஸ்ரோக்ஸ் 1852-ம் ஆண்டில் இதனை ஆராய்ந்து, கண்ணுக்குப் புலப்படாத ஊதா கடந்த ஒளியை உள்வாங்கிய பொருள், அதைக் கண்ணுக்குப் புலப்படும் ஒளியாகத் திருப்பித் தருகின்றது என்று விளக்கினார். இதனைத் தமிழில் உடனொளிர்வு என்பர். வெளியிலிருந்து ஒளி பட்டால் இது ஒளிரும். அந்த ஒளி நின்றால் இதுவும் நின்றுவிடும். கள்ள நோட்டுப் பார்க்கக் கடைக்காரர் வைத்திருக்கும் நீல ரோர்ச்சை மஞ்சள் கரைசலின் மீது பிடித்துப் பாருங்கள். அதிலும் ஓர் ஒளிர்வைக் காண்பீர்கள்.

இதே தன்மையுள்ள பொருளை மிக நுண்ணிய துகள்களாகச் செய்யலாம். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நனோமீற்றர். நாம் பேசும் துகள்கள் ஏறத்தாழ 2 முதல் 10 நனோமீற்றர் வரையானவை. ஒரு தலைமயிரின் குறுக்கே இவற்றில் பல்லாயிரத்தை வரிசையாக அடுக்கலாம். இவற்றுள் ஒரு வகையில் விந்தை ஒன்றுண்டு: ஒரே பொருளாக இருந்தும் துகளின் பருமன் மாறினால் நிறமும் மாறும். சிறியது நீலமாகவும் பெரியது சிவப்பாகவும் ஒளிரும். சிறிய கைமணி கீச்சென்று ஒலிக்க, கோவிற் கோபுரத்துப் பெரிய மணி ஆழ்ந்து ஒலிப்பதைப் போன்றது இது. இவ்வகைத் துகள்களைக் கண்டறிந்து செய்யும் முறையை வகுத்தமைக்காக அலெக்சி எக்கிமோவ், லூயி புரூஸ், மௌங்கி பவெண்டி ஆகிய மூவருக்கும் 2023-ம் ஆண்டு இரசாயனத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1998-ம் ஆண்டிலேயே இரு ஆய்வுக் குழுக்கள் இத்துகள்களை உயிர்க்கலங்களை அடையாளங் காட்டப் பயன்படுத்தலாம் என்று தனித்தனியே நிறுவிவிட்டன.

மருத்துவர்களின் எதிர்பார்ப்பை எளிமையாகச் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம். புற்றுநோய்க் கட்டியை அகற்றும் சத்திரசிகிச்சை நிபுணருக்குப் பெரிய சங்கடம், நோய் எங்கே முடிகிறது, நல்ல தசை எங்கே தொடங்குகிறது என்பதே. குறைத்து வெட்டினால் நோயின் எச்சம் தங்கிவிடும். கூட்டி வெட்டினால் நல்ல அவயவம் வீணாகும். கட்டியோடு மட்டும் ஒட்டிக் கொள்ளும் ஒளிர்துகளை முன்கூட்டியே செலுத்திவிட்டால், விசேட கமராவின் திரையில் அந்த எல்லை ஒளிக்கோடாகத் தெரியும். இவ்வொளி உடலில் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மேல் தெளிவாகப் புலப்படாது. ஆகவே எக்ஸ்றேயின் இடத்தை இது பிடிக்கப் போவதில்லை. ஆயினும் கத்தி பிடித்த கைக்கு இது பேருதவியாகும். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான சிலிக்காத் துகள் ஒன்றை மனிதரில் பரிசோதிக்க அந்நாட்டின் உணவு மருந்து நிர்வாகம் 2011-ம் ஆண்டு அனுமதி அளித்தது. கரும்புற்று என்னும் தோற் புற்றுநோயுள்ள ஐந்து நோயாளருக்கு அது செலுத்தப்பட்ட விபரம் 2014-ம் ஆண்டு வெளியாயிற்று.

காண்பது நன்மையே

புதிய மருத்துவத்தைக் கண்டவுடன் சந்தேகிப்பது பக்தியின் அடையாளம் என்று எண்ணுவோர் சிலர் நம்மிடையே உண்டு. அவர்கள் ஒன்றை நினைவிற் கொள்ளட்டும். நோயைப் பிந்திக் காண்பதால் வரும் இழப்பு மிகப் பெரியது. வற்றாப்பளையில் ஒரு தாய்க்கு மார்பிலே கட்டி தோன்றினால், விசேட புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பரந்தன் வழியாக நூறு கிலோமீற்றருக்கும் மேல் பயணஞ் செய்து தெல்லிப்பளைக்குப் போக வேண்டும்; அல்லது அதனிலும் தொலைவான மகரகமைக்குப் போக வேண்டும். தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலை, 2011-ம் ஆண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நாட்டின் எல்லா இனத்தவரும் சேர்ந்து நடந்து திரட்டிய நிதியின் துணையோடு எழுந்தது என்பதையும் நன்றியோடு நினைவு கூர்வோம். அத்தனை சிரமப்பட்டுச் செல்லும் அந்தத் தாய்க்கு ஒரே சத்திரசிகிச்சையில் நோய் முழுவதும் அகல ஒரு வழி பிறக்குமாயின், அதை வேண்டாமென்று சொல்ல நமக்கு என்ன நியாயம் உண்டு?

ஆகவே நமது கேள்வி இத்துகள்கள் நல்லவையா கெட்டவையா என்பதன்று. உடலுக்குள் ஏற்றப்படும் விளக்கு வேலை முடிந்த பின்னர் எங்கே போகின்றது? போகாவிட்டால் அதற்கு யார் பொறுப்பு? இவையே நம்முன் உள்ள கேள்விகள்.

ஒரு பழைய பாடம்

கொக்கிளாய்க்குத் தெற்கே புல்மோட்டைக் கடற்கரையின் கரிய மணலை அறிவீர்கள். அம்மணலில் இல்மனைற்றோடு சிறிதளவு மொனசைற் என்னும் கனியமும் உண்டு. மொனசைற்றுக்குள்ளே இருப்பது தோரியம் என்னும் கதிர்வீசும் உலோகம். இந்தத் தோரியத்துக்கு மருத்துவ வரலாற்றிலே ஒரு சோகமான அத்தியாயம் உண்டு.

1930-ம் ஆண்டையொட்டி ஐரோப்பாவில் தோரோத்திராஸ்ற் என்ற பெயரில் ஒரு மருந்து விற்பனைக்கு வந்தது. தோரியம் ஒட்சைட்டின் நுண்துகள்கள் மிதக்கும் கரைசலே அது. இன்றைய சொல்லில் கூறுவதானால் அதுவும் ஒரு நனோ துகள் மருந்துதான். இரத்தக் குழாய்க்குள் அதனைச் செலுத்தி எக்ஸ்றேப் படம் எடுத்தால், அக்குழாய்கள் வெகு தெளிவாகத் தெரிந்தன. அக்காலத்து வேறு மருந்துகள் ஏற்றியவுடன் வலியும் எரிவும் தந்தன. இதுவோ ஒரு தொல்லையும் தரவில்லை. மூளையின் இரத்தக் குழாய்களைப் படம் பிடிக்கும் முறையை ஆக்கிய போர்த்துக்கல் நாட்டு மருத்துவர் எகாஸ் மொனிஸ் கூட அதனைப் பயன்படுத்தினார். உலகெங்கும் இலட்சக்கணக்கானோருக்கு அது ஏற்றப்பட்டது.

படம் தெளிவாக வந்தது. நோயாளியும் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார். ஆனால் துகள்கள் அவரை விட்டுப் போகவில்லை. ஈரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மச்சையிலும் தங்கி, அவர் வாழ்நாள் முழுவதும் கதிர் வீசிக் கொண்டேயிருந்தன. இருபது முப்பது ஆண்டுகள் கழித்து ஈரற் புற்றுநோய் தலைகாட்டியது. அதற்குள் ஊசி ஏற்றிய மருத்துவர் ஓய்வு பெற்றிருப்பார். கம்பனி வேறு பண்டம் விற்கும். நோயாளிக்கோ தமக்கு என்ன ஏற்றப்பட்டது என்ற பெயரும் மறந்திருக்கும். எச்சரிக்கைக் குரல்கள் 1930-களின் தொடக்கத்திலேயே எழுந்தும், 1950-கள் வரை அம்மருந்து பாவனையில் இருந்தது. பின்னர் ஜேர்மனி, டென்மார்க், போர்த்துக்கல், யப்பான் ஆகிய நாடுகளில் பழைய வைத்தியசாலைப் பதிவேடுகளைத் தேடியெடுத்து, அம்மருந்து ஏற்றப்பட்டோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். பதிவேடு இருந்தபடியால் மட்டுமே அந்த உண்மை உலகுக்குத் தெரிய வந்தது.

வாசகர்களே, இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அம்மருந்தை ஏற்றிய மருத்துவர்களில் பெரும்பாலோர் கொடியவர்களல்லர். நோயாளிக்கு வலி வராதிருக்க வேண்டுமென்றே அதனைத் தெரிந்தெடுத்தார்கள். அவர்கள் அன்றைக்கு வலியைப் பார்த்தார்கள். முப்பதாவது ஆண்டைப் பார்க்கவில்லை.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. இந்தோசயனின் பச்சை என்னும் ஒளிரும் சாயத்தை 1959-ம் ஆண்டிலிருந்தே அமெரிக்காவில் மருத்துவத்துக்கு அனுமதித்துள்ளார்கள். ஈரல் அதனை இரத்தத்திலிருந்து சில நிமிடங்களிலேயே வடித்தெடுத்துப் பித்தத்தோடு வெளியேற்றத் தொடங்கிவிடும். நீரிழிவு நோயாளரின் விழித்திரையைப் படம் பிடிக்க ஏற்றும் மஞ்சட் சாயமும் சிறுநீரோடு ஓரிரு நாளில் கழிந்துவிடும். வந்த வேலையை முடித்து விடைபெற்றுச் செல்லும் விருந்தாளிகள் இவை.

வெளியேறும் வாசல்

அப்படியானால் புதிய நனோ துகள்கள் எவ்வகையைச் சேர்ந்தவை? இங்கேதான் வன்னிக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விடயம் வருகின்றது.

துகள் ஏறக்குறைய ஐந்தரை நனோமீற்றருக்கும் சிறிதாக இருப்பின் சிறுநீரகம் அதனை வடித்து வெளியேற்றும் என்றும், அதனிலும் பெரிதாயின் ஈரல் முதலிய உறுப்புகளில் தங்க இடமுண்டு என்றும் 2007-ம் ஆண்டு விலங்குகளில் செய்த ஆய்வொன்று காட்டியது. கோர்னெல் துகளும் மிகச் சிறிதாக அமைக்கப்பட்டு, சிறுநீரகத்தின் வழியாகவே பெரும்பாலும் வெளியேறியது. முன்னே கூறிய நிறம் மாறும் துகள்களிற் பல கட்மியம் என்னும் நச்சு உலோகத்தால் ஆனவை. அவற்றின் மேலுறை சிதைந்தால் கட்மியம் கசியும். கசிந்தால் சிறுநீரகத்திலே பல ஆண்டுகள் தங்கும். யப்பானின் தொயாமா மாவட்டத்தில் சுரங்கக் கழிவிலிருந்து ஆற்று நீருக்கும் நெல்லுக்கும் பரவிய கட்மியத்தால் எலும்புகள் நொறுங்கி மக்கள் அலறிய நோயை அந்நாட்டு அரசு 1968-ம் ஆண்டு பகிரங்கமாக ஏற்றுக் கொண்டது. இதனாலேயே கட்மியத் துகள்களை மனித உடலில் ஏற்ற மருத்துவ உலகம் தயங்கி நிற்கின்றது. அந்தத் தயக்கம் பாராட்டுக்குரியது.

எவ்வகையாயினும் வெளியேறும் வாசல் பெரும்பாலும் சிறுநீரகமே. அந்த வாசல் அடைபட்ட மனிதருக்கு என்ன நேரும்?

இக்கேள்விக்கு அண்மைக்கால வரலாறே விடை தந்திருக்கின்றது. காந்தப் புலத்தில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்காகக் கடோலினியம் என்னும் உலோகம் கலந்த மருந்தை 1980-களின் இறுதியிலிருந்து ஏற்றி வந்தார்கள். நல்ல சிறுநீரகம் உள்ளவரிடமிருந்து அதன் பெரும்பங்கு ஓரிரு நாளில் வெளியேறியது. கோடிக்கணக்கானோருக்கு உதவிய நல்ல மருந்து அது. ஆனால் சிறுநீரகம் செயலிழந்த சிலருக்குத் தோல் மரம்போல் இறுகி, கை கால் மடக்க முடியாத கொடிய நோய் தோன்றியது. 1997-ம் ஆண்டு முதல் அந்நோயாளர் கவனிக்கப்பட்டனர். அதற்கும் இம்மருந்துக்கும் உள்ள தொடர்பு 2006-ம் ஆண்டிலேதான் வெளிப்பட்டது. மறு ஆண்டில் அமெரிக்க நிர்வாகம் கடும் எச்சரிக்கை விடுத்தது. முதலில் சிறுநீரகத்தைச் சோதித்து, தகுந்த வகை மருந்தைத் தெரிந்து ஏற்றத் தொடங்கிய பின்னர் அந்நோய் மிக மிக அரிதாயிற்று. மருந்தைக் கைவிட வேண்டியிருக்கவில்லை. யாருக்கு ஏற்றுகிறோம் என்று பார்க்க வேண்டியே இருந்தது.

இப்போது நமது நிலையை எண்ணிப் பாருங்கள். வடமத்திய மாகாணத்தில் விவசாயக் குடும்பங்களைப் பல பத்தாண்டுகளாக வதைத்து வரும் சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளிலும் உண்டு. அதன் காரணம் குடிநீரா, கிருமிநாசினியா, வெயிலா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். அந்நோய் ஓசையின்றி வருவது. வயலில் வேலை செய்யும் மனிதர் தமது சிறுநீரகத்தின் பெரும்பகுதி கெட்டுப் போகும் வரை அதனை உணராதிருக்கலாம். நியூ யோர்க் நகரில் நன்றாகச் சோதித்துத் தெரிந்தெடுத்த ஒரு சில நோயாளரின் உடலில் பத்திரமாக வெளியேறிய துகள், வெலிஓயாவிலோ செட்டிகுளத்திலோ உள்ள விவசாயியின் உடலை விட்டு அதே விதமாக வெளியேறும் என்று யார் உறுதி சொல்ல முடியும்? ஒருவரின் உடலில் சோதித்த பண்டத்தை, சோதனையில் இடம்பெறாத வேறொருவரின் உடலில் ஏற்றும்போது, அவரும் ஒரு விதத்தில் சோதனைக்கு உட்படுகின்றார். வித்தியாசம் இதுதான்: முன்னவருக்கு அது சோதனை என்று தெரியும், பின்னவருக்குத் தெரியாது.

உடலிற் தங்கியவை

வேண்டாத பொருள் உடலில் தங்குவதென்றால் என்னவென்று நமது மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 2009-ம் ஆண்டு யுத்தத்தின் இறுதி மாதங்களைக் கடந்து வந்தோரில் எத்தனையோ பேர் எறிகணைச் சிதறல்களை இன்றும் உடலிலே சுமக்கின்றனர். எடுப்பது விடுவதிலும் ஆபத்து என்று மருத்துவர்கள் தீர்மானித்து விட்ட இரும்புத் துண்டுகள் அவை. மாரி காலத்தில் குத்தும். பாரந் தூக்கினால் வலிக்கும். எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்குப் போனால் அங்குள்ள பலத்த காந்தம் அந்த இரும்பை அசைத்துவிடக் கூடும். ஆகவே அந்தப் பரிசோதனை அவர்களிற் சிலருக்கு மறுக்கப்படவும் நேரிடும். காந்தம் வேண்டாத ஒளிமுறைகள் வளர்வது இவர்களுக்கு விசேட நன்மை தரக் கூடும் என்பதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும்.

அந்தச் சிதறலை எய்தவர் எவரும் பின்னர் வந்து, 'உமக்கு இப்போது எப்படி இருக்கிறது?' என்று கேட்டதில்லை. மருத்துவரின் துகளுக்கும் எறிகணைத் துண்டுக்கும் நோக்கத்தில் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு உண்டு. ஒன்று அழிக்க வந்தது. மற்றது காக்க வருவது. ஆயினும் ஏற்றியவர் திரும்பிப் பாராமற் போய்விட்டால், உள்ளே தங்கிய பொருளோடு தனியே வாழ வேண்டிய மனிதருக்கு அந்த நோக்கத்தால் என்ன ஆறுதல்?

ஒழுக்கவியல் எச்செயலையும் மூன்று கண்கொண்டு நோக்கச் சொல்கின்றது: செயல் என்ன, நோக்கம் என்ன, சூழ்நிலை என்ன? நோயைக் காண்பது நல்ல செயல். குணப்படுத்துவது நல்ல நோக்கம். இவ்விரண்டிலும் தேறிவிட்ட காரணத்தால் மூன்றாவதைப் பாராது விடுவதே விஞ்ஞானத்துக்கு அடிக்கடி நேரும் சோதனை. யாருடைய உடல், அந்த உடலின் நிலை என்ன, நாளை அவரை யார் பார்ப்பார் என்பதே சூழ்நிலை. சூழ்நிலை மாறினால் அதே ஊசி தர்மமாகவும் இருக்கலாம், அநீதியாகவும் இருக்கலாம்.

பாப்பரசர் 12-ம் பத்திநாதர் 1952-ம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் மருத்துவ ஆராய்ச்சியாளரிடையே உரையாற்றியபோது, விஞ்ஞானத்தின் நன்மை, நோயாளியின் நன்மை, சமூகத்தின் நன்மை ஆகிய மூன்றையும் தனித்தனியே எடுத்து ஆராய்ந்து, இவற்றில் எதுவும் எல்லையற்றதல்ல என்று கற்பித்தார். மனிதன் சமூகம் என்னும் இயந்திரத்தின் ஓர் உறுப்பல்லன். சமூகமே மனிதனுக்காக உள்ளது என்பது அவரது போதனையின் சாரம். சமயஞ் சாராத மருத்துவ உலகமும் இதே முடிவுக்கே வந்தது. நாற்சிகளின் வதைமுகாம் பரிசோதனைகளின் பின் 1947-ம் ஆண்டில் எழுந்த நியூரம்பேர்க் விதிகளும், உலக வைத்தியர் சங்கம் 1964-ம் ஆண்டில் வெளியிட்ட ஹெல்சிங்கிப் பிரகடனமும், ஆராய்ச்சிக்கு உட்படும் மனிதரின் சம்மதத்தையும் நலனையும் முன்வைத்தன.

சில மறுப்புகள்

'இத்தனை கேள்வி கேட்டால் ஒரு மருந்தும் முன்னேறாதே. யாராவது ஒருவர் முதலாவதாக ஏற்றித்தானே ஆக வேண்டும்?' என்று ஒருவர் கேட்கலாம். மெய்தான். முதலாவதாக முன்வருபவர் பிறர் நலனுக்காகத் தம்மையே கொடுக்கும் வீரர். ஆனால் கொடுப்பது வேறு, எடுக்கப்படுவது வேறு. என்ன ஏற்றப்படுகிறது, எவ்வளவு காலம் தங்கும், என்ன நேரலாம் என்பதைத் தமது தாய்மொழியிலே கேட்டு விளங்கி, 'வேண்டாம்' என்று சொல்லவும் சுதந்திரம் பெற்று, அதன்பின் சம்மதிப்பவரே கொடுப்பவர். விளங்காத பாசையில் உள்ள படிவத்தில் பெருவிரல் அடையாளம் வைப்பவர் கொடுப்பவரல்லர்.

'நமது சனங்கள் டொக்டர் சொன்னால் எதற்கும் தலையாட்டுவார்கள். அவர்களுக்கு விளக்கி என்ன பயன்?' என்பது இன்னொரு வாதம். நம்பிக்கையோடு தலையாட்டுபவருக்கு மருத்துவர் கூடுதலாகக் கடமைப்பட்டவர் என்றே நான் சொல்வேன். கேள்வி கேட்பவர் தம்மைத் தாமே ஓரளவு காத்துக் கொள்வார். கேளாதவரின் காவல் முழுவதும் மற்றவரின் மனச்சாட்சியிலேயே தங்கியிருக்கின்றது.

'இது இயற்கைப் பொருளில் செய்தது. ஆகவே பயமில்லை' என்று சொல்வோரும் வருவார்கள். கரியிலிருந்தும் பழச்சாற்றிலிருந்தும் ஒளிர்துகள் செய்யும் முறைகள் இன்று உள்ளன. ஆனால் புல்மோட்டை மணலிலுள்ள தோரியமும் இயற்கைப் பொருளே. எங்கிருந்து வந்தது என்பதைவிட, எங்கே போகின்றது என்று கேட்பதே தகும்.

நல்ல சமாரியன் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். காயத்துக்கு எண்ணெய் வார்த்ததையும் சத்திரத்துக்குக் கொண்டு போனதையும் நினைவில் வைத்திருக்கும் நாம், அவன் புறப்படும்போது சத்திரக்காரனிடம் தான் திரும்பி வருவதாகவும், மேற்கொண்டு ஆகும் செலவைத் தானே ஏற்பதாகவும் வாக்களித்ததைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இரக்கம் ஒரு நாளிலே முடிந்துவிடாது. தொட்ட காயம் ஆறியதா என்று மீண்டும் வந்து பார்ப்பதும் அதன் பங்கே. உடலுக்குள் ஒளியைச் செலுத்தும் விஞ்ஞானத்திடம் நாம் கேட்பது இவ்வளவுதான்: செலுத்துவோர் திரும்பி வருவார்களா?

குடும்பங்கள் செய்யத்தக்கவை

இவ்வளவும் பெரிய இடத்து விவகாரம் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். புதிய துகள்கள் வரும் வரை காத்திராமல், இன்றைக்கே ஸ்கானுக்கும் எக்ஸ்றேக்கும் செல்லும்போது கைக்கொள்ளத்தக்க சில வழிகள் உண்டு.

படம் பிடிக்குமுன் ஏதேனும் மருந்து ஏற்றப் போவதாகச் சொன்னால், அதன் பெயரைக் கேளுங்கள். கிளினிக் கொப்பியில் எழுதித் தரும்படி பணிவோடு கேளுங்கள். உங்கள் சிறுநீரகத்தைச் சோதித்த இரத்தப் பரிசோதனை முடிவு இருந்தால் கையோடு கொண்டு செல்லுங்கள். இல்லையேல் அது தேவையா என்று கேளுங்கள். உடலில் எறிகணைச் சிதறல் இருப்பின், கேட்கட்டும் என்று காத்திராமல் நீங்களாகவே முதலிற் சொல்லுங்கள். அதைச் சொல்வதில் வெட்கமும் வேண்டாம், அச்சமும் வேண்டாம். ஒவ்வாமை முன்பு ஏற்பட்டிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். பழைய கொப்பிகளை எரித்துவிடாமல், பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். முப்பது ஆண்டுகளின் பின் உங்கள் பிள்ளைக்கோ ஒரு மருத்துவருக்கோ அந்த ஒரு வரி தேவைப்படலாம். எழுத வாசிக்கச் சிரமப்படும் முதியவர் வைத்தியசாலைக்குப் போகும்போது படித்த பிள்ளை ஒருவர் கூடப் போகட்டும்.

நம்மிடையே தாதியராகவும் மருத்துவராகவும் ஆய்வுகூடப் பணியாளராகவும் பல்கலைக்கழக மாணவராகவும் இருப்போருக்கு ஒரு விசேட வேண்டுகோள். நோயாளி கேட்கும் கேள்வியை இடைஞ்சலாக எண்ணாதீர்கள். ஏற்றியதன் பெயரையும் அளவையும் திகதியையும் தெளிவான எழுத்தில் குறித்து வையுங்கள். நாளை ஓர் ஆய்வுத் திட்டம் நமது மக்களைத் தேடி வருமாயின், துகள் எவ்வளவு அழகாக ஒளிர்கின்றது என்று பார்க்குமுன், 'எங்கள் சனங்களின் சிறுநீரகத்தை மனதிற் கொண்டு இதைச் சோதித்தீர்களா? பத்து ஆண்டு கழித்து இவர்களைத் தேடி வருபவர் யார்? அந்தச் செலவு யாருடையது?' என்று முதலிற் கேளுங்கள். நேர்மையான விஞ்ஞானி இக்கேள்விகளுக்காக உங்களுக்கு நன்றி சொல்வார். விடை சொல்ல மறுப்பவரிடம் நமது உடலை ஒப்படைக்க வேண்டிய கட்டாயம் நமக்கில்லை.